இடது கன்னம்

காத்தாயி சந்தனத்தைத் தொட்டு மருமகள் ஹரிணியின் வலது கன்னத்தில் தடவும்வரை ஒன்றுமில்லை. இடது கன்னத்துக்குக் கை போனதும் பெண் வெடுக்கென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வளைகாப்புக்கு வந்து பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் கூச்சம் என்று நினைத்துச் சிரித்தார்கள். காத்தாயி சிரிக்கவில்லை. ஈரச் சந்தனத்தையும் மீறி ஒரு சூடு அவள் விரலில் ஏறியிருந்தது. காலையிலிருந்து போட்டோக்காரர் எவ்வளவு சொல்லியும் மருமகள் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்ததும், பூவைத்த சடையை இடது தோள்வழியாக முன்னால் எடுத்துப் போட்டிருந்ததும் எதற்காக என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் ஒரு பக்கம் மட்டும் பூரித்துக் கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் பூரிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல அல்லவா இருக்க வேண்டும்.

"என்னத்தா, இப்பிடிக் கொதிக்குது?" என்று குனிந்து காதோடு கேட்டாள்.

"ஒண்ணுமில்லத்த." உதடு மட்டும் அசைந்தது. பல் திறக்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். காத்தாயி மருமகளின் கையில் இரண்டு கண்ணாடி வளையலைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள்.

பல்வலி இன்று நேற்று வந்ததில்லை. பொங்கலுக்குக் கரும்பு கடித்தபோது கீழ்க் கடைவாய்ப்பல்லில் சுருக்கென்று பிடித்தது. நாலு நாள் வலிக்கும், நாலு நாள் மறந்துபோகும். காத்தாயிதான் டவுனில் ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வயிற்றைப் பார்த்ததுமே அங்கே இருந்தவர், எக்ஸ்ரே எடுக்கணும், ஊசி போடணும், மாசமா இருக்கறப்ப எதுக்கு வம்பு, பிரசவம் முடிஞ்சு வாங்க என்று அனுப்பிவிட்டார். பிரசவம்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று பல்லுக்குத் தெரியுமா? அக்கம்பக்கத்தில் கேட்டால், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் நரம்புவழியாக அது பிள்ளையின் கண்ணைப் போய்த் தாக்கும் என்றார்கள். கத்தாரில் இருக்கிற மகன் திருமுருகன் சாயங்காலம் போனில் வந்து, "கிராம்புத் தைலம் வைக்கச் சொல்லும்மா, நெட்ல போட்டுருக்கு" என்பான். மறுநாள் வந்து, "வைக்க வேணாமாம்மா, நெட்ல போட்டுருக்கு" என்பான். உப்புத் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம். அதைக் கொப்பளித்துக் கொப்பளித்துக் கொல்லைப் பக்கத்து வாழைக்கன்று ஒன்று வாடிப்போயிருந்தது.

மாத்திரை என்றால் ஹரிணி வாயை இறுக மூடிக்கொள்வாள். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன பிறகு வந்த பயம் அது. ஊருக்கு வருகிற நர்ஸம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைக்கூட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போனில் தேடி, புருஷனிடம் கேட்டு, பிறகுதான் விழுங்குவாள். காத்தாயி வற்புறுத்த மாட்டாள். பெண் பிள்ளை பெறாதவள் அவள். மணமேல்குடியிலிருந்து கடல்காற்றோடு வந்து இறங்கிய இந்தப் பெண், முதல் வாரம் முழுக்க மீன் இல்லாத சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்ததைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து மீன்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் மருமகளுக்கு முன்னால் தெருவுக்கு ஓடுகிறவள். குரல் பெரிது. நாலு கொல்லை தாண்டி முந்திரித்தோப்பில் நிற்கிற புருஷன் சோலையப்பனை வீட்டிலிருந்தபடியே சாப்பிடக் கூப்பிடுவாள். அந்தக் குரல் ஹரிணியிடம் மட்டும் எப்படியோ பாதியாகிவிடும்.

பந்தி நடந்தது. புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் தேங்காய்ச்சாதமும் ஹரிணியின் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தன. பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக வேன் வாசலில் நின்றது. சம்பந்தி சின்னப்பிள்ளை தாம்பாளங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். காத்தாயி மருமகளை அறைக்குள் இழுத்துப்போய், கதவைச் சாத்தி, போன் டார்ச்சை அடித்து, "வாயத் தொற" என்றாள். திறக்க முடியவில்லை. இரண்டு விரலை மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். ஒன்றுதான் நுழைந்தது. தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது.

வெளியே வந்து, "மதினி, இன்னைக்கு அனுப்பல. மொதல்ல ஆஸ்பத்திரி" என்றாள்.

சின்னப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. மணமேல்குடியில் கொஞ்சம் நெல்லும் போட்டு, மீன் வாங்கி விற்கிற வியாபாரமும் பார்க்கிறவள். எதிலும் நேராகப் பேசுகிறவள். "வளகாப்பு முடிஞ்ச பொண்ண அனுப்பலேன்னா ஊருல என்னன்னு கேப்பாக? எம்புள்ளய நான் பாக்க மாட்டேனா? எங்கிட்டும் டாக்டர் இருக்காக மதினி. பொழுது சாயறதுக்குள்ள வீட்டு வாசல மிதிக்கணும்."

உறவுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மாமியார் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று ஒருத்தி காது கேட்கவே சொன்னாள். ஹரிணி அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதமாக அவள் இந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது காத்தாயிக்குத் தெரியும். வேனில் பெண்ணை ஏற்றினார்கள். கதவைச் சாத்தப்போன நேரத்தில் காத்தாயி பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தானும் ஏறி, மருமகளை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எங்கடி போற?" என்று சோலையப்பன் வாசலிலிருந்து கேட்டார்.

"வாரேன். பாத்திரத்தக் கழுவிக் கவுத்து வையிங்க."

வளைகாப்பு வண்டியில் மாமியார் ஏறிப் போவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

வேன் ஆதனக்கோட்டையைத் தாண்டியது. ஹரிணி மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். எச்சிலை விழுங்காமல் கைக்குட்டையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது, கன்னத்துக்குப் போகவில்லை. பெருங்களூரில் தண்ணீர் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டு முன் சீட்டிலிருந்த சின்னப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. குடித்த தண்ணீரில் பாதி ஓரமாக வழிந்தது.

புதுக்கோட்டைக்குள் நுழைந்ததும் காத்தாயி டிரைவரிடம், "தம்பி, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றாள். டிரைவர் அருள்மணி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வண்டியைப் பேசியவள் சின்னப்பிள்ளை. யார் சொல்வதைக் கேட்பது என்று அவன் வேகத்தைக் குறைத்தான்.

"அம்மா" என்றாள் ஹரிணி. "முழுங்க முடியலம்மா. தொண்ட அடைக்குது."

சின்னப்பிள்ளை ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "விடுங்க தம்பி, அவுக சொல்றபடி விடுங்க" என்றாள்.

அவசரப் பிரிவில் காய்ச்சல் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பல் டாக்டர்தான் பார்க்க வேண்டும், ஆனால் டாக்டரம்மா இப்போதுதான் கிளம்பினார்கள், போன் போட்டுப் பார்க்கிறோம் என்றாள் நர்ஸ். போன் அடித்துக்கொண்டே இருந்தது. காத்தாயி சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். வண்டிகள் நிற்கிற இடத்தில், ஸ்கூட்டரை எடுக்கிற பெண்களாகப் பார்த்து ஒவ்வொருவரிடமும் போய், "நீங்க பல்லு டாக்டருங்களாம்மா?" என்று கேட்டாள். ஒருத்தி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். ஒருத்தி யாரையோ பார்க்க வந்தவள். பட்டுச்சேலையும் நெற்றியில் வழிகிற குங்குமமுமாக நின்றவளைப் பார்த்து அவர்கள் ஒதுங்கினார்கள். மூன்றாவதாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்த ஒல்லியான பெண், "ஆமா, என்னம்மா?" என்றாள்.

"மருமகளுக்குப் பல்லும்மா. மாசமா இருக்கா. ஏழாம் மாசம்."

"ஓபி முடிஞ்சிருச்சே. காலையில வர்றீங்களா?"

"காலையில வாயி தொறக்காதும்மா. இப்பயே ஒரு வெரலுதான் போவுது. தண்ணி வழியுது."

டாக்டர் வைஷ்ணவி ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள். "பேச்சு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். காத்தாயி பதில் சொல்லி முடிக்குமுன் அவள் ஓட்டமும் நடையுமாக இருந்தாள்.

அவசரப் பிரிவுக்குள் வந்து ஹரிணியின் தாடைக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். நாக்குக்கு அடியில் டார்ச்சை அடித்தபோது அங்கேயும் வீக்கம் தெரிந்தது. பிரசவ வார்டு டாக்டரை வரச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்து ஹரிணிக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். பல்லின் வேரில் பிடித்த சீழ் கீழே இறங்கிக் கழுத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் இறங்கினால் மூச்சுக்குழலை நெருக்கும். ரத்தத்தில் கலந்தால் தாய்க்கும் ஆபத்து, வலி முன்கூட்டியே வந்து பிள்ளை குறைமாதத்தில் பிறக்கவும்கூடும். மரத்துப்போக ஊசி போட்டு, சீழை வெளியே எடுத்து, அந்தப் பல்லையும் எடுத்துவிட வேண்டும். மாசமாக இருக்கிறவர்களுக்குப் போடக்கூடிய மருந்துகளாகத்தான் போடுவேன். காத்திருப்பதுதான் பிள்ளைக்குக் கெடுதல்.

ஹரிணி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. "எனக்கு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. ஊசி வேணாம், மாத்திரை வேணாம்."

"முன்னாடி பிள்ளை ஏதும் தங்காமப் போயிருக்கா?"

"ஒண்ணு. மூணாம் மாசம்."

"அப்ப ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

ஹரிணி திரைப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த காத்தாயி அந்த நேரம் திரும்பி வந்து திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருந்தவளுக்கு அது தெரியவில்லை. பல்லைக் கடித்தபடி, கொழகொழத்த குரலில் அவள் சொன்னது காத்தாயிக்கு முழுக்கக் கேட்டது.

"காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போட்டேன். அத்ததான் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. மறுவாரம் போயிருச்சு. நான் அவங்ககிட்ட அதச் சொல்லல டாக்டர். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அவங்க தாங்க மாட்டாங்க. நீங்களும் சொல்லிறாதீங்க."

காத்தாயி கந்தர்வக்கோட்டை மெடிக்கலில் வெயிலில் நின்று வாங்கிவந்த மாத்திரை அது. வெந்நீர் வைத்து, கஞ்சி கொடுத்து, தன் கையாலேயே அட்டையைக் கிழித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எத்தனை நாள் இந்தப் பெண் அதே கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள், அதே மடியில் தலைவைத்துப் பேன் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். மனதுக்குள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு முகச்சுளிப்புகூடக் காட்டவில்லை. பல் வலித்த நாட்களில், "ஒரு மாத்திரை வாங்கியாரவா" என்று தான் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்லத்த" என்று அவள் சிரித்த சிரிப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"என்ன மாத்திரைன்னு ஞாபகம் இருக்கா?" வைஷ்ணவியின் குரல். ஹரிணி பெயரைச் சொன்னாள். "அதுவா? அந்த மாத்திரையத்தான் இப்ப நானும் ஒங்களுக்குக் குடுக்கப் போறேன். அதால கலைஞ்சிருக்காதும்மா. மூணு மாசத்துக்குள்ள போறதுல நெறைய, கரு மொதல்லயே சரியா உருவாகாததால போறது. யாரும் எதுவும் செஞ்சு போறதில்ல. ஒங்க அத்த அன்னைக்குச் செஞ்சது சரிதான்."

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. வெளியே சின்னப்பிள்ளை வந்து காத்தாயியின் பக்கத்தில் நின்றாள். அவளும் கேட்டிருக்க வேண்டும். காத்தாயியின் கையிலிருந்து நழுவப்போன தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

பிரசவ வார்டு டாக்டர் வந்து ஹரிணியின் வயிற்றில் கருவியை வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் அறையெல்லாம் நிறைந்தது. எல்லோரும் அதையே கேட்டார்கள். "கொஞ்சம் வேகமா ஓடுது" என்றார் டாக்டர். "அம்மாவுக்குக் காய்ச்சல் அடிச்சா உள்ள இருக்கறவங்களுக்கும் கஷ்டந்தான். காய்ச்சல எறக்கணும்னா அதுக்குக் காரணமானத எடுக்கணும்."

ஹரிணி அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வைஷ்ணவியின் பக்கம் திரும்பித் தன்னால் முடிந்தவரை வாயைத் திறந்தாள். ஒரு விரல் அளவு.

டிரிப்ஸ் ஏற்ற நர்ஸ் வந்து, வளையல்களைக் கழற்றச் சொன்னாள். காலையில் போட்டது, பிள்ளை பிறக்குமுன் கழற்றக் கூடாது என்றாள் சின்னப்பிள்ளை. ஊசி குத்த இடம் வேண்டாமா என்றாள் நர்ஸ். காத்தாயி மருமகளின் கையைத் தேங்காயெண்ணெய் தடவுகிற மாதிரி நீவி, வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைக்கு ஏற்றி, தன் கைக்குட்டையால் கட்டிவிட்டாள். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். பெற்றவள் போகட்டும் என்று காத்தாயி விலகினாள்.

"நீங்க போங்க மதினி" என்றாள் சின்னப்பிள்ளை. "ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துரும்."

நாள் முழுக்க மீன் அரிகிற பெண் அவள். காத்தாயி அவள் முகத்தைப் பார்த்தாள். சின்னப்பிள்ளை வேறு எங்கோ பார்த்தாள்.

ஹரிணியை நாற்காலியில் நேராகப் படுக்க வைக்கவில்லை. வலது இடுப்புக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்து, இடப்பக்கம் சாய்த்தார்கள். பிள்ளையின் பாரம் பெரிய ரத்தக்குழாயில் விழாமல் இருக்க என்று வைஷ்ணவி கை வேலையில் இருந்தபடியே விளக்கினாள். காத்தாயி மருமகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எட்டியது அதுதான். ஊசி போட்டபோது கால்விரல்கள் அவள் உள்ளங்கையில் சுருண்டன. சீழ் வெளியே வந்தபோது ஒரு நாற்றம் எழுந்தது. இதையா இத்தனை நாள் வாய்க்குள் வைத்துக்கொண்டு இந்தப் பெண் பந்தலில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தது என்று காத்தாயி நினைத்துக்கொண்டாள். பல் லேசில் வரவில்லை. வந்த பிறகு பார்த்தால் இத்தனூண்டு இருந்தது. கால்விரல்கள் மெல்ல மெல்ல விரிந்தன.

அன்று ராத்திரி சம்பந்திகள் இருவரும் வார்டிலேயே தங்கினார்கள். திருமுருகன் போனில் வந்து, லீவு போட்டுவிட்டு நாளைக்கே கிளம்பட்டுமா என்று அழுதான். "நீ வந்து பல்லையா ஒட்டப் போற? சும்மா இரு" என்று காத்தாயி அவனை அடக்கினாள். சின்னப்பிள்ளை பழைய கோபத்தையெல்லாம் மறந்து, வேனில் வந்த உறவுக்காரர்களை அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த தயிர்ச்சாதத்தைக் காத்தாயிக்குப் பங்கு வைத்தாள். விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. பிரசவ வார்டு டாக்டர் மறுபடி கேட்டுப் பார்த்து, இப்ப நிதானமா ஓடுது, ஆனா இன்னும் கொஞ்ச நாள் அடிக்கடி வந்து காட்டணும் என்றார்.

காலையில் நர்ஸ் மாத்திரைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். காத்தாயி அவற்றைத் தொடவில்லை. கஞ்சி டம்ளரை மட்டும் எடுத்து ஆற்றிக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை எடுத்துக் கொடுக்கட்டும் என்று பார்த்தாள். அவளோ முகம் கழுவப் போனவள் வரக் காணோம்.

"அத்த" என்றாள் ஹரிணி. கட்டுப்போட்ட தாடையோடு பேசியதில் சொல் பாதிதான் வந்தது. "நீங்க கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க?"

காத்தாயி டம்ளரை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எத?" என்றாள்.

"திரைக்கு அடியில ஒங்க காலு தெரிஞ்சுச்சு. கடைசியிலதான் பாத்தேன்."

"ஏத்தா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல. ஏசியிருக்கலாம்ல. இம்புட்டு நாளு..."

"ஏசுறதுக்கு என்ன இருக்கு" என்று ஹரிணி உள்ளங்கையை நீட்டினாள். "நீங்களே குடுங்க."

காத்தாயி அவசரமாக அட்டையைக் கிழித்தாள். மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டு போய்விட்டது. இரண்டாவதைக் கிழித்தாள். ஹரிணி அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை. வாயில் போட்டு, கஞ்சித் தண்ணீரோடு முகத்தைச் சுளித்து விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குகிறவரைக்கும் காத்தாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அருள்மணி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். காத்தாயி தன் பையை எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டை பஸ்ஸுக்குப் போகத் திரும்பினாள். சின்னப்பிள்ளை அந்தப் பையைப் பிடுங்கி வேனுக்குள் வைத்தாள். "ஏறுங்க மதினி. ஒங்களுக்குன்னு கொடுவா மீனு சொல்லி வச்சிருக்கேன்."

"வீட்டுல அவரு தனியா கெடப்பாரு."

"கெடக்கட்டும்."

மணமேல்குடிக் கடலைக் காத்தாயி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சம்பந்தம் பேச வந்தபோதுகூட வீட்டோடு வந்து வீட்டோடு திரும்பியவள். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு ஹரிணி அவளைக் கூட்டிப்போனாள். அலை அடிக்கும், சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தவளுக்கு, மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கிற கண்மாய் மாதிரி அசையாமல் கிடந்த தண்ணீரைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. வெகுதூரத்தில் இரண்டு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"ஆழமா இருக்காதா?"

"ரொம்பத் தூரம் நடக்கலாம் அத்த. முழங்காலுதான் வரும்."

ஹரிணி ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். சேறு குளுகுளுவென்று விரல்களுக்கிடையில் புகுந்தது. சின்ன நண்டு ஒன்று விலகி ஓடியது. கரையில் சின்னப்பிள்ளை செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு, பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் குரல் கேட்கவில்லை. ஹரிணி நின்று, வயிற்றில் கையை வைத்து, உள்ளே எதையோ கவனிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள்.

"என்னத்தா?"

"மிதிக்குது."

காத்தாயி குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இருவரும் அசையாமல் காத்திருந்தார்கள். அவர்கள் கிளப்பிய சேறு மெல்ல அடங்கி, தண்ணீர் தெளிந்து, நாலு பாதங்களும் அடியில் தெரிய ஆரம்பித்தன.